எந்த வரியில் இருக்கு? தொடக்கப் பள்ளிக் கட்டுரை: கேள்வி பதில்

ஒரு பத்தியைப் படித்து, அதிலிருந்தே சான்று காட்டித் தகவல் கட்டுரை எழுதப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி? இது தொடர்பாக ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

நான்காம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ‘பசு’, ‘மரம் வளர்ப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். புதிய பத்தி ஒன்றைக் கொடுத்தால் பாதிப் பேர் அதையே திரும்ப எழுதுகிறார்கள். மீதிப் பேர் பத்தியைத் தொடாமல் தமக்குத் தெரிந்ததை எழுதுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

தலைப்பைக் கைவிடுவதிலிருந்து தொடங்குங்கள். ‘தூக்கணாங்குருவி பற்றிக் கட்டுரை எழுதுக’ என்றால் பிள்ளைக்கு எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாது. எல்லாவற்றையும் எழுதும், அல்லது பார்த்து எழுதும். தலைப்புக்குப் பதில் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டால் பத்தியில் சில வரிகள் வேண்டியவை, சில வரிகள் வேண்டாதவை என்று பிரிந்துவிடும். அந்தப் பிரிப்புதான் முதல் பாடம்.

வகுப்பில் அப்படியே பயன்படுத்த ஒரு பத்தி தருகிறோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் இட்டிருப்பதைக் கவனியுங்கள்.

(1) தூக்கணாங்குருவி சிட்டுக்குருவி அளவே உள்ள சிறு பறவை. (2) மழைக்காலத்தை ஒட்டி இது கூடு கட்டத் தொடங்கும். (3) கூட்டைக் கட்டுவது ஆண் குருவி. (4) புல்லையும் பனை ஓலையையும் நீள நாராகக் கிழித்து வந்து அலகால் பின்னும். (5) ஒரு கூட்டை முடிக்க நூற்றுக்கணக்கான முறை நார் கொண்டுவர வேண்டும். (6) கூடு பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து பார்வையிடும். (7) அதற்குப் பிடித்திருந்தால்தான் ஆண் குருவி மீதிக் கூட்டையும் நீண்ட குழாய் போன்ற வழியையும் கட்டி முடிக்கும். (8) பிடிக்காத கூடு பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும். (9) இக்கூடுகள் பெரும்பாலும் முள்மரங்களிலும் பனை மரங்களிலும், கிணறு, குளம் ஆகியவற்றின் மேல் நீண்ட கிளைகளிலும் தொங்கும். (10) கூட்டின் வாசல் கீழ்நோக்கி இருக்கும். (11) உட்புறத்தில் ஈரக் களிமண்ணை அப்பி வைத்திருக்கும்.

கேள்வி: தூக்கணாங்குருவியின் கூடு எவ்வாறு பாதுகாப்பாக அமைந்திருக்கிறது?

‘பாதுகாப்பு’ என்ற சொல்லே பத்தியில் இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி. அந்தச் சொல் பத்தியில் இருந்தால் பிள்ளை அந்த வரியை மட்டும் எடுத்து எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும்.

மூன்று முறை வாசிப்பு. முதல் முறை நீங்கள் வாசிக்க, பிள்ளைகள் கேட்கட்டும். கையில் பென்சில் வேண்டாம். இரண்டாம் முறை இருவர் இருவராக வாசிக்கட்டும். அலகு, நார், அப்பி போன்ற சொற்களை அப்போதே தீர்த்துவிடுங்கள். மூன்றாம் முறை கரும்பலகையில் கேள்வியை எழுதிவிட்டு, ‘இந்தக் கேள்விக்கு உதவுற வரி எது எது?’ என்று கேட்டு, எண்ணை மட்டும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நாற்பது பேர் இருந்தாலும் ஒரு நிமிடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். 9, 10 வந்தால் சரி. 7 வந்தால் குழாய் போன்ற வழியைக் கவனித்திருக்கிறார்கள். 3 என்று எழுதியவரிடம் ‘தப்பு’ என்று சொல்ல வேண்டாம். ‘ஆண் குருவி கட்டுது சரி, அதனால கூடு எப்படிப் பத்திரமா இருக்கும்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும்போது தானாகவே அழித்துவிடும்.

அடுத்து, நோட்டை அகலவாக்கில் திருப்பி மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். தலைப்புகள்: சொல்வது, காட்டுவது, விளக்குவது. எழுதும்போது இந்த வரிசையில் வரும். நிரப்பும்போது நடுக்கட்டத்தை முதலில் நிரப்ப வேண்டும். ‘காட்டுவது’ என்ற அந்தக் கட்டத்தில் வாக்கிய எண்ணும் அதிகம் போனால் ஐந்து சொற்களும் மட்டும்: ‘9 – முள்மரம், தண்ணீருக்கு மேல்’. முழு வாக்கியத்துக்கு இடமே இல்லாதபடி கட்டம் சிறிதாக இருக்கட்டும். முதல் கட்டத்தை முதலில் நிரப்பவிட்டால் ‘கூடு மிகவும் பாதுகாப்பானது’ என்று நான்கு முறை எழுதிவிட்டு, அதற்கு ஏதோ ஒரு வரியை ஒட்டவைப்பார்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது மூன்றாம் கட்டத்தில். சான்றை எடுத்து வைத்துவிட்டு அதோடு நின்றுவிடுவார்கள். அதற்கு ஒரே மருந்து ‘அதனால என்ன?’ என்ற கேள்வி. ‘வாசல் கீழ பாத்து இருக்கு.’ ‘அதனால என்ன?’ ‘மேல உக்காந்த காக்கா சுளுவா உள்ள எட்ட முடியாது.’ இதுதான் விளக்கம். அதைக் கட்டத்தில் எழுதிய பிறகே முதல் கட்டத்துக்குப் போகலாம். மூன்று கட்டமும் நிறைந்த ஒரு வரிசையை நீட்டி எழுதினால் ஒரு பத்தி கிடைக்கும்:

‘தூக்கணாங்குருவியின் கூட்டை எதிரிகள் எளிதில் நெருங்க முடியாது. கூடுகள் பெரும்பாலும் முள்மரங்களிலும், கிணறு, குளத்தின் மேல் நீண்ட கிளைகளிலும் தொங்குவதாகப் பத்தியிலிருந்து அறிகிறோம். முள் இருப்பதால் மரம் ஏறும் விலங்குகள் தயங்கும். கீழே தண்ணீர் இருப்பதால் தரையிலிருந்தும் எட்ட முடியாது.’

இனி 11-ஆம் வாக்கியம். களிமண்ணை அப்பி வைக்கும் என்று பத்தி சொல்கிறது; ஏன் என்று சொல்லவில்லை. கூர்மையான பிள்ளை ‘கனமா இருந்தா காத்துல ஆடாது’ என்று சொல்லும். நல்ல ஊகம், பறவையியலாளர்கள் சிலரும் அப்படித்தான் கருதுகிறார்கள். ஆனாலும் எழுதும்போது ‘கனம் கூடுவதால் காற்றில் அதிகம் ஆடாமல் இருக்கலாம்’ என்றுதான் எழுத வேண்டும். பத்தி சொன்னது ‘கிறது’, நாமே ஊகித்தது ‘கலாம்’. நான்காம் வகுப்புக்கு இவ்வளவு நுட்பம் தாங்குமா என்றால், தாங்கும். அவர்களுக்கு இது விளையாட்டாகவே பிடித்துப்போகும்.

‘சொந்த நடையில் எழுது’ என்று பள்ளியில் சொல்கிறார்கள். என் மகள் ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே எழுதுகிறாள். சொந்த நடையை வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
— வாசகி, திண்டுக்கல்

நம் மொழியிலேயே ஒரு வசதி இருக்கிறது. அதை நாம் பயன்படுத்துவதில்லை. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறு வேறாக இருப்பதைப் பிள்ளைகளுக்குத் தொல்லை என்றே நினைக்கிறோம். இந்த வேலைக்கு அதுவே துணை.

ஏழாம், எட்டாம் வாக்கியங்களை மகள் வாசிக்கட்டும். புத்தகத்தை மூடுங்கள். ‘தம்பிக்குச் சொல்லு, என்ன நடந்துச்சு?’ என்று கேளுங்கள். ‘பொண்ணு குருவிக்குப் புடிச்சாத்தான் மீதியக் கட்டும். இல்லன்னா அப்டியே விட்டுரும்’ என்பாள். பாருங்கள், இரண்டு வாக்கியமும் சேர்ந்துவிட்டன, பத்தியின் சொற்கள் பாதி போய்விட்டன. இப்போது, புத்தகம் மூடியபடியே, அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள்: ‘பெண் குருவிக்குப் பிடிக்காவிட்டால் ஆண் குருவி அந்தக் கூட்டை அப்படியே விட்டுவிடும்.’ கடைசியாகப் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் வைப்பது சொந்த நடை அல்ல. அது அகராதி வேலை.

சரிபார்க்கும்போது கட்டாயம் ஒன்றைத் தேடுங்கள். பத்தியில் ‘பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும்’ என்று இருக்கிறது. மகள் எழுதியதில் ‘பெரும்பாலும்’ காணாமல் போய்விட்டது. பேச்சில் வழுக்கி விழும் சொற்கள் இவைதாம்: பெரும்பாலும், சில, ஏறத்தாழ, மட்டும், முதலில். சிறிய சொல்தான், ஆனால் அது போனால் செய்தியே மாறிவிடும். எண்ணும் பெயரும் அளவும் மாறக் கூடாது. மற்றதெல்லாம் மாறலாம்.

பேசிச் சொல்லும்போது ‘கட்டுது’, ‘வெச்சு’ என்று வருவதைத் திருத்தாதீர்கள். அங்கே நிறுத்தினால் அவள் மறுபடி புத்தக வாக்கியத்துக்கே ஓடிவிடுவாள்.

மகன் பத்தி முழுவதையும் அடிக்கோடிட்டு வைக்கிறான்.
— வாசகர், தாம்பரம்

கோடுகளுக்கு ரேஷன் போடுங்கள். பதினொரு வாக்கியப் பத்திக்கு நான்கு கோடு, அதுவும் வாக்கியத்துக்கு அல்ல, சொற்களுக்கு. ஐந்தாவது போட வேண்டுமானால் முன்பு போட்ட ஒன்றை அழிக்க வேண்டும். கேள்வியைப் படிக்கும் முன் பென்சிலைத் தொடக் கூடாது.

தூக்கணாங்குருவி பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்தேன். ஒரு மாணவன், ‘தூக்கணாங்குருவி மின்மினிப்பூச்சியைக் கூட்டில் ஒட்டி விளக்கு வைத்துக்கொள்ளும்’ என்று எழுதியிருக்கிறான். பாட்டி சொன்னாராம். அந்த வரியை அடிப்பதா, விடுவதா?
— ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

அடிக்க வேண்டாம், ஆனால் அந்த இடத்தில் விடவும் வேண்டாம். ஊர் ஊராக வழங்கும் நம்பிக்கை அது. அவன் கற்பனை செய்யவில்லை. அவனிடம் நம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘எந்த வரியில் இருக்கு?’ தேடுவான், இருக்காது. ‘அப்ப இது பாட்டி சொன்னது, பத்தி சொன்னது இல்ல’ என்று பிரித்துக் காட்டலாம்.

அந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழில் ஓர் எழுத்துக் கூட்டமே போதும். ‘மின்மினியை ஒட்டி வைக்குமாம்.’ அந்த ‘ஆம்’ வந்தவுடன் இது கேள்விப்பட்ட செய்தி என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். எந்தப் பிள்ளைக்கும் இது புதிதல்ல, கதை சொல்லும்போது ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று நாள்தோறும் பயன்படுத்துவதுதான். கட்டுரைக்கு வெளியே, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘கேள்விப்பட்டவை’ என்று ஓரிடம் ஒதுக்கிக் கொடுங்கள். மின்மினி அங்கே போகட்டும். பிறகு வேறு புத்தகத்தில் அதைப் பற்றிப் படித்தால், அந்தப் புத்தகத்தைச் சொல்லிக் கட்டுரைக்குள் கொண்டுவரலாம். அப்பியிருக்கும் ஈரக் களிமண்ணிலிருந்துதான் இந்தக் கதை பிறந்ததோ என்று வகுப்பில் பேச்சு எழுந்தால் தடுக்காதீர்கள், பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை.

பிள்ளை தன் கண்ணால் பார்த்தது வேறு வகை. ‘எங்கள் கிணற்றுப் பனையில் ஏழு கூடு தொங்குகிறது’ என்று ஒருவன் எழுதினால் அது நல்ல செய்தி. ஆனால் கேள்வி ‘பத்தியின் அடிப்படையில்’ என்று இருந்தால் முதலில் பத்திச் சான்று, பிறகு ஒரு வரி தன் பார்வை. பத்திச் சான்றுக்குப் பதிலாக அது வரக் கூடாது.

‘பத்தி கூறுகிறது’, ‘பத்தி கூறுகிறது’ என்று வரிக்கு வரி எழுதுகிறார்கள். மேற்கோள் குறி எப்போது போட வேண்டும்?
— ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, கோவை

நீங்கள் கற்றுக்கொடுத்ததை அவர்கள் விசுவாசமாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு பத்திக்கு ஒரு முறை சான்று எங்கிருந்து வந்தது என்று சொன்னால் போதும். சொல்லும் விதத்தையும் மாற்றலாம். ‘…என்று பத்தியில் உள்ளது’, ‘…எனப் பத்தியிலிருந்து அறிகிறோம்’, ‘ஒன்பதாம் வாக்கியத்தின்படி…’, ‘…என்பதற்குச் சான்று உண்டு’. இவற்றை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள். எப்போதும் ஒட்டியிருக்கும் அட்டையைப் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மேற்கோள் குறி, பத்தியின் சொற்களை எழுத்துக்கு எழுத்து எடுக்கும்போது மட்டும். ‘நீண்ட குழாய் போன்ற வழி’ என்பதை மாற்றிச் சொல்வதைவிட அப்படியே எடுப்பது நல்லது. அதுபோல ஒரு கட்டுரைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எடுப்பது ஆறு சொல்லுக்குள் இருக்கட்டும். முழு வாக்கியத்தைக் குறிக்குள் வைத்துவிட்டால் பிள்ளை எழுத வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

வழக்கமாக நேரும் பிழை: குறிக்குள் இருப்பதை ‘என்று’ சேர்க்காமல் அந்தரத்தில் விடுவது. ‘“வாசல் கீழ்நோக்கி இருக்கும்.” இதனால் பாதுகாப்பு.’ இப்படி எழுதினால், குறியை எடுத்துவிட்டு வாக்கியத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒட்டாமல் நிற்பது காதிலேயே தெரியும்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை கட்டாயமா?
— வாசகர், கடலூர்

தேர்வில் அந்த மூன்று துணைத்தலைப்பையும் கேட்டால் எழுதத்தான் வேண்டும். அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ‘உலகில் பலவகைப் பறவைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று தூக்கணாங்குருவி’ என்று தொடங்கும் முன்னுரையைத் தூக்கணாங்குருவிக்குப் பதில் மயில், கிளி என்று மாற்றினாலும் அது பொருந்தும். அப்படிப் பொருந்தினால் அந்த முன்னுரை வெறுமை. இரண்டே வாக்கியம் போதும்: எதைப் பற்றி, எந்தக் கேள்விக்கு விடை சொல்லப்போகிறோம்.

முடிவுரையில் நம் வகுப்பறைகள் எல்லாமே ‘காப்போம்’ என்றுதான் முடிகின்றன. மரத்தைக் காப்போம், நீரைக் காப்போம், குருவியைக் காப்போம். தகவல் கட்டுரைக்கு அது தேவையில்லை. கேள்விக்கான விடையை, மேலே வந்த சான்றுகளைச் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள்: ‘தொங்கும் இடம், குழாய் போன்ற வழி, கீழ்நோக்கிய வாசல் ஆகிய மூன்றும் சேர்ந்தே கூட்டைக் காக்கின்றன.’ முன்னுரையைக் கடைசியில் எழுதவைப்பதும் நல்ல வழக்கம். அதற்குள் என்ன எழுதினோம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் ஒரே அறையில். வாசிக்கவே திணறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் நேரம் ஏது? பத்திகளுக்கு எங்கே போவது?
— தலைமையாசிரியர், தருமபுரி மாவட்டம்

நான்கு பாடவேளை ஒதுக்குங்கள், ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஒரே வாரத்தில் முடிந்தால் நல்லது, இடையில் விடுமுறை விழுந்தால் பத்தி மறந்துபோகும். முதல் நாள் வாசிப்பும் எண் காட்டுதலும். இரண்டாம் நாள் மூன்று கட்டம். மூன்றாம் நாள் வாயால் சொல்லிவிட்டு எழுதுதல். நான்காம் நாள் திருத்தம். மாதத்துக்கு ஒரு கட்டுரை இப்படி முழுதாக நடந்தால் போதும். வாரம் ஒன்று என்று அவசரப்பட்டால் மூன்றாம் கட்டம்தான் முதலில் பலியாகும்.

இரு வகுப்புக்கும் ஒரே பத்தியைக் கொடுங்கள், கேள்வியை மட்டும் மாற்றுங்கள். நான்காம் வகுப்புக்கு மேலே சொன்ன கேள்வி, இரண்டு சான்று. ஐந்தாம் வகுப்புக்கு, ‘கூடு கட்டுவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள பங்கு என்ன?’ இதற்கு 3 முதல் 8 வரை பல வாக்கியங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று சான்று கேட்கலாம். ‘கட்டுவது மட்டும்தான் பங்கா, தேர்ந்தெடுப்பதும் பங்குதானா?’ என்று அவர்களே வாதிடத் தொடங்குவார்கள்.

வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு வாக்கியங்களைத் தனித்தனிக் காகிதக் கீற்றாக வெட்டிக் கொடுங்கள். உடன் இருப்பவர் வாசிக்க, இவர் ‘உதவும்’, ‘உதவாது’ என்று இரண்டு குவியலாகப் பிரிக்கட்டும். வாசிப்பில் பின்தங்கியவர் சிந்தனையில் பின்தங்கியவர் அல்ல என்பது அந்தக் குவியலைப் பார்த்ததும் தெரியும். பிறகு விளக்கத்தை அவர் வாயால் சொல்ல, நீங்கள் கரும்பலகையில் எழுத, பார்த்து எழுதட்டும். இந்த ஒரு சூழலில் மட்டும் பார்த்து எழுதுவது குற்றமில்லை, அது அவருடைய வாக்கியம்.

பத்திகளுக்கு: நான்கு, ஐந்தாம் வகுப்புக்காகப் பள்ளிக்கல்வித் துறை வெளியிடும் ‘ஊஞ்சல்’ இதழ், வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள், சூழ்நிலையியல் பாடம். எதை எடுத்தாலும் 80 முதல் 120 சொல்லுக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். பத்தி தகுதியானதா என்று பார்க்க ஒரு சோதனை: ‘எப்படி’, ‘ஏன்’ என்று தொடங்கும் ஒரு கேள்வியை உங்களால் கேட்க முடிகிறதா, அதன் விடை இரண்டு வெவ்வேறு இடத்து வாக்கியங்களில் இருக்கிறதா? ‘வாழையின் பயன்கள்’ போன்ற பட்டியல் பத்திகள் இதில் தோற்றுவிடும். அவற்றில் எல்லா வரியும் விடைதான், தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. விதைப் பொட்டலம், பேருந்து நேர அட்டவணை, மழைமானிப் பதிவு கூடப் பனுவல்தான், அதாவது வாசித்துப் பொருள் காணும் எழுத்துதான். ‘எந்தப் பேருந்தில் போனால் பத்து மணிக்குள் ஆஸ்பத்திரி போகலாம், ஏன்?’ என்ற கேள்விக்கு அட்டவணையிலிருந்து சான்று காட்டுவதும் இதே திறன்தான்.

கலிபோர்னியாவில் இருக்கிறோம். மகள் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஆங்கிலத்தில் சான்றுடன் எழுதப் பழகியிருக்கிறாள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் அதையே தமிழில் எழுதினால் வாக்கியங்கள் விநோதமாக இருக்கின்றன.
— வாசகி, சான் ஹோசே

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றுக்குப் பொதுவாக 2010-இல் வெளியான காமன் கோர் பாடத்தரத்தைப் பின்பற்றும் மாநிலம் உங்களுடையது. நான்காம் வகுப்பில் பனுவலின் விவரங்களைச் சுட்டி விளக்கவும், ஐந்தாம் வகுப்பில் பிழையின்றி மேற்கோள் காட்டவும் அது எதிர்பார்க்கிறது. பல பள்ளிகளில் இதை ‘ரேஸ்’ (RACE, படிகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள்) என்ற நான்கு படியாகச் சொல்லித்தருவார்கள்: கேள்வியை விடையின் தொடக்கமாக மாற்று, விடை சொல், சான்று காட்டு, விளக்கு. சிந்தனை முறை அப்படியே தமிழுக்கும் உதவும். வாக்கிய அமைப்பு உதவாது.

ஆங்கிலத்தில் முதலில் முடிவைச் சொல்லிவிட்டுப் பிறகு காரணத்தைச் சொல்வது இயல்பு. அதனால் அவள் ‘விலங்குகள் நெருங்காது, ஏனென்றால் அங்கே முள் இருக்கிறது’ என்று எழுதுவாள். தமிழில் காரணம் முன்னால் வந்து வினையோடு ஒட்டிக்கொள்ளும்: ‘முள் இருப்பதால் விலங்குகள் நெருங்காது.’ ஒரு பக்கத்தில் ‘ஏனென்றால்’ இரண்டு முறைக்கு மேல் வந்தால் மூன்றாவதை ‘ஆல்’ போட்டு மாற்றச் சொல்லுங்கள். ‘பனுவல் எனக்குச் சொல்கிறது’ என்று வந்தால் ‘பத்தியிலிருந்து தெரிகிறது’. ஆங்கிலத்தில் யோசித்து ஒவ்வொரு சொல்லாக மாற்றுவதைத் தடுக்க, திண்டுக்கல் வாசகிக்குச் சொன்ன வழியே இங்கும்: வீட்டில் பேசும் தமிழில் முதலில் தொலைபேசியில் தாத்தாவிடம் சொல்லிவிட்டு வந்து எழுதட்டும். தாத்தா கேட்கும் ‘அதனால என்னம்மா?’வுக்கு எந்தப் பயிற்சித்தாளும் ஈடாகாது.

பத்து மதிப்பெண்ணுக்குத் திருத்த வேண்டும். எப்படிப் பிரிப்பது? எழுத்துப்பிழைக்கு எவ்வளவு குறைப்பது?
— ஆசிரியர், நாகர்கோவில்

எங்கள் பிரிப்பு: கேள்விக்கு நேரான விடை 2, பொருத்தமான சான்று 3, விளக்கம் 3, பத்தி ஒழுங்கும் இணைப்புச் சொற்களும் 1, எழுத்தும் நிறுத்தக்குறியும் 1. சான்று சரியாக இருந்து விளக்கம் இல்லாவிட்டால் மூன்று முழுதாகப் போகும். அங்கே தாராளம் காட்டினால் அடுத்த மாதமும் விளக்கம் வராது. சான்று தவறான வரியிலிருந்து வந்து விளக்கம் மட்டும் அழகாக இருந்தால் விளக்கத்துக்கு 1 கொடுங்கள், பிள்ளை யோசித்திருக்கிறது.

முதல் வரைவில் ல, ள, ழ எதையும் வட்டமிட வேண்டாம். பக்கம் முழுக்கச் சிவப்பைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை எழுத்து தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும். ‘களிமண்’ணை விட்டுவிட்டு ‘மண்’ என்று எழுதித் தப்பிக்கும். முதல் வரைவில் ஓரத்தில் இரண்டே குறி போடுங்கள்: சான்று இல்லாத இடத்தில் ‘எ.வ.’, அதாவது எந்த வரி? விளக்கம் இல்லாத இடத்தில் ‘அ.எ.’, அதாவது அதனால் என்ன? பிள்ளைகள் ஒருவர் நோட்டை ஒருவர் மாற்றிக்கொண்டு அவர்களே இந்தக் குறிகளைப் போடவும் பழக்கலாம், மூன்றாவது கட்டுரையிலிருந்து.

எழுத்துப்பிழை இரண்டாம் வரைவில். அதுவும் பத்தியிலேயே இருக்கும் சொற்களைப் பிழையாக எழுதியிருந்தால் நீங்கள் திருத்தாதீர்கள். வாக்கிய எண்ணை மட்டும் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பிள்ளையே போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்தும்.